கந்தபூரா: நீலகிரி மலையின் வலித் தைலம்

உதகை மாரியம்மன் கோயிலில் தரிசனம் முடித்து வெளியே வரும் யாத்திரிகர்கள் பெரும்பாலும் நேரே பேருந்துக்குச் செல்வதில்லை. காளியம்மனும் மாரியம்மனும் ஒரே கருவறையில் அருகருகே வீற்றிருக்கும் அந்தச் சந்நிதியில் குங்குமம் பெற்றுக்கொண்டு கடைவீதிப் பக்கம் திரும்பினால், வர்க்கியும் தேயிலையும் விற்கும் கடைகளுக்கு நடுவே கண்ணாடி அலமாரிகள் தென்படும். அவற்றில் சின்னஞ்சிறு குப்பிகள் வரிசையாக நிற்கும். நீலகிரித் தைலம், எலுமிச்சைப்புல் தைலம், ஜெரேனியம் தைலம் என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போவார். முழங்காலைப் பிடித்தபடி படியேறி வரும் முதியவரைக் கண்டால், அவர் கை தானாகவே வேறொரு குப்பியை எடுக்கும். "மூட்டு வலிக்கு இதுதான் பெரியவரே" என்பார். மூடியைத் திறந்து ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்ததும், இனிமையும் காரமும் கலந்த மணம் எழும். பற்பசையிலும் வலித் தைலங்களிலும் எல்லோரும் முன்பே நுகர்ந்து பழகிய மணம்தான் அது.

அந்தக் குப்பியின் மேல் விண்டர்கிரீன் தைலம் என்று எழுதியிருக்கும். நாட்டு மருந்துக் கடைகளிலும் வடமாநிலத்து ஆயுர்வேத விற்பனையிலும் அதையே கந்தபூரா தைலம் என்பார்கள். கடல் கடந்து இந்தோனேசியாவிலும் அதற்குக் கந்தபுரா என்றே பெயர். கந்தம் என்னும் மணத்தைக் குறிக்கும் சொல் அவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது. இதில் ஒரு விந்தையும் உண்டு. நீலகிரித் தைலம் என்று மலையின் பெயரையே சூடிக்கொண்டிருக்கும் யூகலிப்டஸ் தைலம், ஆஸ்திரேலிய மண்ணின் மரத்திலிருந்து கிடைப்பது. அம்மரம் 1843-ஆம் ஆண்டை ஒட்டித்தான் இம்மலைக்கு வந்து சேர்ந்தது. கந்தபூராச் செடியோ, வெள்ளையர் வருவதற்கு முன்பிருந்தே சோலைக்காடுகளின் ஓரத்தில் தானாக வளர்ந்து நின்றது. மலையின் சொந்தப் பிள்ளைக்கு வெளியூர்ப் பெயரும், வந்த பிள்ளைக்கு மலையின் பெயரும் அமைந்துவிட்டன.

கந்தபூரா ஒரு புதர். இலைகள் தடித்தவை, தோல் போன்றவை. ஆண்டு முழுவதும் பச்சை மாறாதவை. தளிர்கள் சற்றே செந்நிறம் கொண்டிருக்கும். சின்னஞ்சிறு வெண்ணிறப் பூக்கள், கவிழ்த்த மணிகளைப் போல வரிசையாகத் தொங்கும். பூ உதிர்ந்தபின் அதன் புல்லிவட்டம் சதைப்பற்றுடன் பருத்து, உள்ளிருக்கும் விதைக் கூட்டை மூடிக்கொண்டு, கருநீல நிறம் அடையும். பார்வைக்குச் சிறு களாப்பழம் போன்றிருக்கும் அது, உண்மையில் பூவின் வெளியுறையே பழமாக மாறியது. இலையையோ பழத்தையோ கசக்கினால் அதே வலித் தைல மணம் எழும். மழைக்கால ஈரத்தில் தொட்டபெட்டா போன்ற உயரமான பகுதிகளில் இப்புதரைக் கடந்து செல்பவர், அதை உரசிச் சென்றாலும் ஒருவேளை அடையாளம் அறியாமலே சென்றுவிடுவார். இலையைக் கசக்கியவர் மட்டும் மறக்க மாட்டார்.

தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் கோல்தேரியா ஃபிராக்ரண்டிஸ்ஸிமா. கனடாவின் கியூபெக் நகரில் வாழ்ந்த கோல்தியே என்ற மருத்துவரின் பெயரால் இக்குடும்பத்துச் செடிகள் அழைக்கப்படுகின்றன. அமெரிக்கக் கண்டத்தில் தரையோடு படரும் இதன் உறவுச் செடியிலிருந்து அங்குள்ள பழங்குடியினர் வலிக்கும் காய்ச்சலுக்கும் கஷாயம் வைத்துக் குடித்தனர். நீலகிரிச் செடிக்கு, புதுச்சேரியில் தாவர ஆய்வு செய்த லெஷனோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரும் ஒரு காலத்தில் சூட்டப்பட்டிருந்தது. பிற்பாடு சிங்கோனாத் தோட்டங்கள் உதகையில் வேரூன்றிய நாட்களில், கொய்னா மருந்தை ஆராய அரசு நியமித்த ஜான் பிராட்டன் என்ற வேதியியலார் இப்புதரின் தைலத்தையும் ஆராய்ந்தார். அமெரிக்கச் செடியின் தைலமும் இதுவும் ஒரே பொருளே என்று கண்டு, இதிலிருந்து கார்பாலிக் அமிலம் தயாரிக்கலாம் என்றும் சொன்னார். நிலக்கரித் தாரிலிருந்து அவ்வமிலம் மலிவாகக் கிடைத்ததால் அந்த யோசனை நிலைக்கவில்லை. ஆயினும் தைலம் வடிக்கும் வழக்கம் மலையில் தங்கிவிட்டது.

தைலம் வடிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பறித்த இலையில் மணப்பொருள் அப்படியே இருப்பதில்லை; சர்க்கரையோடு பிணைந்து அடங்கியிருக்கிறது. இலையை நறுக்கி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால், இலையிலுள்ள நொதி அப்பிணைப்பை அறுத்து மணத்தை விடுவிக்கும். அதன்பின் கொப்பரையில் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்துச் சேர்ப்பார்கள். நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோ தைலம்கூடத் தேறாது. மற்றத் தைலங்கள் பெரும்பாலும் தண்ணீரின் மேலே மிதக்க, இது அடியில் போய்த் தங்கும்; தண்ணீரைவிடக் கனமானது. ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் இது விளங்கும். தேங்காய் எண்ணெயையோ யூகலிப்டஸ் தைலத்தையோ மிகுதியாகக் கலந்து விற்றால் அது மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். தொழிற்சாலையில் செய்த செயற்கைப் பொருளை மட்டும் இச்சோதனை காட்டாது, அதுவும் மூழ்கும். கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி அதுவே. இயற்கையானதோ செயற்கையானதோ, உடலில் செய்யும் வேலை ஒன்றேயாதலால், கீழே சொல்லப்படும் எச்சரிக்கைகள் இரண்டுக்கும் பொருந்தும்.

அந்த வேலை என்ன என்பதுதான் அறிய வேண்டிய செய்தி. இத்தைலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இருப்பது மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள். ஆற்றங்கரைகளில் வளரும் ஆற்றுப்பாலை மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஐரோப்பிய மரங்களின் பட்டையில் உள்ள வலிநிவாரணியும், 1897-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் உருவான ஆஸ்பிரின் மாத்திரையும், இந்தத் தைலமும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இதய நோய்க்காக இரவு உணவுக்குப்பின் ஒரு சிறிய ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கும் முதியவர், அதன் நெருங்கிய உறவையே முழங்காலிலும் தேய்த்துக்கொள்கிறார். அம்மாத்திரையில் இருப்பது பொதுவாக 75 மில்லிகிராம். கந்தபூரா தைலம் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். கணக்கிட்டால் அத்தகைய மாத்திரைகள் தொண்ணூறுக்கு மேல் வரும். உள்ளங்கையில் அடங்கும் குப்பி இவ்வளவையும் தாங்கி நிற்கிறது என்பது கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீஸ்வரன் கோயிலில், அங்காரகனின் நோய் தீர்க்க இறைவன் வைத்தியராக எழுந்தருளியபோது, அம்பிகை தையல்நாயகி தைலப் பாத்திரம் ஏந்தி உடன் வந்தாள் என்பது தல வரலாறு. தைலம் அம்பிகையின் கையில் இருந்தது. எந்த நோய்க்கு எவ்வளவு என்று அறிந்த வைத்தியநாதர் அருகில் இருந்தார். குப்பி மட்டும் நம் வீட்டுக்கு வந்து, வைத்தியர் வராமல் போனால்தான் தொல்லை. திருக்குறளின் மருந்து அதிகாரமும் நோயாளியின் தன்மை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை மருத்துவன் எண்ணிச் செயல்பட வேண்டும் என்றே கூறுகிறது. வயது எழுபதைத் தாண்டியவரின் தோல் மெலிந்தது. சிறுநீரகம் இளமையில் போல் விரைந்து கழிவை வெளியேற்றாது. அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளும் நாலைந்துக்குக் குறைவதில்லை. ஆகவே இளைஞனுக்கு ஒத்துக்கொள்ளும் தைலம் பாட்டனாருக்கும் அப்படியே ஒத்துக்கொள்ளும் என்று கொள்ள இயலாது.

முதலில் நன்மையைச் சொல்வதே முறை. வெளிப்பூச்சாகத் தடவும்போது இத்தைலம் தோலின் இரத்தக் குழல்களை விரியச் செய்து சூட்டுணர்வைத் தருகிறது. அந்தச் சூடும் மணமும் ஆழத்தில் உள்ள வலியின் மீது செல்லும் கவனத்தைத் திருப்புகின்றன. ஓரளவு சாலிசிலேட் தோல் வழியே ஊடுருவித் தசைக்கும் செல்கிறது. நெடுந்தூரம் நடந்ததால் கெண்டைக்காலில் ஏற்படும் பிடிப்பு, பயணத்தில் அமர்ந்தே வந்ததால் இடுப்பில் உண்டாகும் இறுக்கம், லேசான சுளுக்கு ஆகியவற்றுக்கு இதனால் சிறிது நேரம் இதம் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கலாகாது. சாலிசிலேட் பூச்சுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ அறிஞர்கள், நாட்பட்ட மூட்டு வலிக்கு இவை பெரிய பலன் தருவதாக உறுதி சொல்லவில்லை. தேய்ந்த குருத்தெலும்பை எந்தத் தைலமும் வளர்ப்பதில்லை. மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலும் சேர்ந்தால், தைலத்தைத் தேடாமல் மருத்துவரையே நாட வேண்டும்.

மலைக்கோயில் செல்லும் அன்பர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழனியிலும் திருத்தணியிலும் படியேறும் முன் முழங்காலில் தைலத்தைப் பூசிக்கொண்டு, வலி தெரியாமல் ஏறிவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. வலி தெரியவில்லை என்றால் மூட்டுக்குச் சேதம் இல்லை என்று பொருள் அல்ல. எச்சரிக்கை மணியின் ஓசைதான் குறைந்திருக்கிறது. மேலும், வேர்க்க வேர்க்க ஏறும்போது தோலில் இரத்த ஓட்டம் பெருகித் தைலம் வழக்கத்தைவிட மிகுதியாக உள்ளே செல்லும். 2007-இல் நியூயார்க்கில் 17 வயது ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவர் உயிரிழந்தபோது, வலிப்பூச்சுகளை அளவின்றிப் பயன்படுத்தியதால் உடலில் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட்டே காரணம் என்று பிரேதப் பரிசோதனை அதிகாரிகள் கண்டறிந்தனர். அரிதினும் அரிதான நிகழ்ச்சி அது. ஆனாலும், தோலில் தடவுவது தோலோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கை தவறு என்பதற்கு அது சான்று. படியேறி இறங்கி, கால் கழுவி, உடம்பு ஆறி அமர்ந்தபின் தடவிக்கொள்வதே தக்கது. விஞ்ச்சும் ரோப்காரும் இருக்கும் தலங்களில் அவற்றில் ஏறிச் செல்வதால் முருகன் அருளில் குறை வைக்கப் போவதில்லை.

தடவும் முறையும் அளவும் எளியவை. தைலத்தை நேரடியாகத் தோலில் ஊற்றக் கூடாது. ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் அல்லது நல்லெண்ணெயில் இரண்டு சொட்டு கலந்தால் போதும். இரு முழங்கால்களுக்கும் அது தாராளம். முதன்முறை பயன்படுத்துவோர், முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ கொப்புளமோ தோன்றினால் அதை அத்துடன் விட்டுவிட வேண்டும். நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். தொடர்ந்து ஒரு வாரத்துக்கு மேலும் வேண்டாம். உடல் முழுவதும் பூசி எண்ணெய்க் குளியல் செய்வதற்கு உரியதன்று இது. வெட்டுக்காயம், சொறி, புண் உள்ள இடத்தில் படக் கூடாது. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் காலடியில் இதைத் தடவாமல் இருப்பதே நல்லது. எரிச்சல் முற்றிப் புண்ணாகும் வரை அவர்களுக்குத் தெரியாமலே போகும். தடவியபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் கண்ணைத் தொடுவதும், பேரக்குழந்தையைத் தூக்குவதும் கூடாது.

நம் வீடுகளில் ஊறிப்போன ஒரு வழக்கம் இங்கே ஆபத்தாகிறது. தைலம் தடவினால் உடனே வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், கம்பளித் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு உறங்குவதும் பாட்டிமார்களின் கைமுறை. வேறு பல எண்ணெய்களுக்கு அது பொருந்தலாம். கந்தபூராவுக்குப் பொருந்தாது. சூடும் கட்டும் சேர்ந்தால் தைலம் பல மடங்கு உட்செல்வதோடு தோலும் வெந்துவிடும். மெந்தால், மெத்தில் சாலிசிலேட் கலந்த வலிப்பூச்சுகளால் அரிதாகக் கடுமையான தீப்புண் போன்ற காயங்கள் ஏற்பட்டதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-இல் வெளியிட்டு எச்சரித்தது. சிலருக்கு ஒரே முறை தடவியதிலேயே அவ்வாறு நேர்ந்திருந்தது. ஒத்தடம் வேண்டுமானால் ஒத்தடம் மட்டும், தைலம் வேண்டுமானால் தைலம் மட்டும். உதகையின் மார்கழிக் குளிரில் கணப்பருகே அமர்ந்து காலை நீட்டிக்கொள்பவர்களுக்கும் இதுவே விதி.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை, இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களுக்கு. இதய வால்வு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இதயத் துடிப்பு சீரற்றவர்கள், காலில் இரத்தக்கட்டி ஏற்பட்டுக் குணமடைந்தவர்கள் பலர் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் என்ற மாத்திரையை நாள்தோறும் உட்கொள்கிறார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரையின் அளவை மருத்துவர் கூட்டிக் குறைத்து நிறுத்தியிருப்பார். தராசின் முள்ளைப் போல் அவ்வளவு நுட்பமாக நிறுத்திய அளவை, முழங்காலில் தினமும் தேய்க்கும் தைலம் சாய்த்துவிடக்கூடும். 1990-இல் ஹாங்காங் மருத்துவர்கள், வார்ஃபரின் உண்டுவந்த 11 நோயாளிகளின் இரத்தம் அளவுக்கு மிஞ்சி உறையாத நிலையை அடைந்திருப்பதைக் கண்டு காரணம் தேடினார்கள். அவர்கள் அனைவரும் மெத்தில் சாலிசிலேட் கலந்த வலிப்பூச்சைப் பயன்படுத்தி வந்தவர்கள் என்று தெரிந்தது. அவர்களுள் மூவருக்கு இரத்தக் கசிவும் ஏற்பட்டிருந்தது.

இதில் வருந்தத்தக்கது எதுவென்றால், மருத்துவர் கேட்டாலும் இச்செய்தி வெளிவருவதில்லை என்பதே. "வேறு ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?" என்ற கேள்விக்கு, "ஒன்றும் இல்லை டாக்டர்" என்றே பெரியவர் பதில் சொல்வார். தைலத்தை மருந்து என்று அவர் கருதுவதே இல்லை. ஊட்டியிலிருந்து மகள் வாங்கி வந்த பொருள் அது. ஆகையால் மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தக் குப்பியையும் பையில் எடுத்துச் சென்று மேசையில் வைத்துவிட வேண்டும். ஈறில் இரத்தம் கசிதல், அடிபடாமலே தோலில் நீலத் தழும்பு, மலம் தார்போல் கறுத்துப் போதல், சிறுநீர் சிவத்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் தைலத்தை நிறுத்தி அன்றே மருத்துவரைக் காண வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதனால் விளையும் கேடு வேறு.

ஆஸ்பிரின் உண்டால் மூச்சுத்திணறலோ தடிப்போ ஏற்படும் என்று அறிந்தவர்கள் கந்தபூராவின் பக்கமே போகலாகாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உடையவர்களும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும், ஜி6பிடி என்னும் நொதிக்குறை உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது. கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், சிறுவர் சிறுமியருக்கும் இது ஏற்றதன்று. பேரன் விளையாட்டில் காலைச் சுளுக்கிக்கொண்டான் என்று தாத்தாவின் குப்பியைத் திறப்பது அன்பினால் செய்யும் பிழை.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது குப்பி வைக்கும் இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. பல இல்லங்களில் தைலக் குப்பிகளின் இருப்பிடம் பூஜை அலமாரி. பன்னீர், கங்கைத் தீர்த்தச் செம்பு, விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெய், கற்பூரப் பெட்டி ஆகியவற்றோடு இதுவும் நிற்கும். அலமாரி தாழ்வாக இருக்கும், குழந்தைக்கு எட்டும். மணமோ மிட்டாய் மணம். 4 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான அளவு, சிறு குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது என்று மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. குழந்தைக்கு மட்டும் அன்று இந்த அபாயம். கண் மங்கிய பெரியவர் விடியற்காலை இருளில் தீர்த்தம் என்று எண்ணி உத்தரணியில் ஊற்றிக்கொள்வதற்கும் இடம் இருக்கிறது. ஆகவே பூஜை அறையில் தைலம் வேண்டாம். எட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டியில், "விஷம், வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று பெரிய தமிழ் எழுத்தில் ஒட்டிய சீட்டோடு இருக்கட்டும். தைலத்தை வேறு பழைய மருந்துக் குப்பியிலோ குளிர்பானப் புட்டியிலோ மாற்றி வைப்பது அறவே கூடாது.

வாயுத்தொல்லைக்கும் சளிக்கும் சர்க்கரையில் இரண்டு சொட்டுத் தைலம் விட்டு விழுங்கும் பழைய கைவைத்தியம் சில குடும்பங்களில் இன்றும் நடக்கிறது. எந்தத் தைலம் என்ற வேறுபாடு பார்க்காமல், ஊட்டித் தைலம் என்ற ஒரே பெயரில் அது நடப்பதுதான் அச்சம் தருகிறது. கந்தபூராவை ஒரு சொட்டும் உள்ளே கொள்ளக் கூடாது. யூகலிப்டஸ் தைலமும் விழுங்கத்தக்கதன்று; குழந்தைகளுக்கு அது வலிப்பை உண்டாக்கும். மிட்டாயிலும் பற்பசையிலும் சேர்க்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே சேர்வது மணத்துக்காக மிக மிகச் சிறு அளவு. குப்பியில் இருப்பது முழுச்சத்து.

தவறி யாரேனும் விழுங்கிவிட்டால், அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருக்கலாகாது. குமட்டல், வாந்தி, காதில் இடைவிடாத இரைச்சல், வேகமாக மூச்சு வாங்குதல், வியர்வை, மனக்குழப்பம் என்று அறிகுறிகள் தொடரும்; குழந்தைகளுக்கு வலிப்பும் வரும். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. 108-ஐ அழைத்து, குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். குப்பியில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு மீந்திருக்கிறது என்பது மருத்துவருக்கு மிகவும் பயன்படும் தகவல். அளவுக்கு மீறித் தடவியவருக்குக் காதில் இரைச்சல் கேட்கத் தொடங்கினாலும் அதை முதுமையின் கோளாறு என்று தள்ளிவிடாமல், சோப்பு நீரால் தைலத்தைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாங்குவோர், தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், தேதியும் அச்சிட்ட முத்திரை கலையாத குப்பியையே வாங்குவது நல்லது. பெரிய கேனிலிருந்து கடைக்காரர் ஊற்றித் தருவதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருந்துக் கடையில் கிடைக்கும் வலிப்பூச்சுகளிலும் மெத்தில் சாலிசிலேட் கலந்திருக்கக்கூடும். சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அதன் பெயரைப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு படிக்கச் செய்து தெரிந்துகொள்ளலாம். காலையில் ஒரு பூச்சு, மாலையில் ஒரு தைலம் என்று இரண்டையும் மாற்றி மாற்றித் தடவினால் இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும்.

உதகைக்கும் கோத்தகிரிக்கும் செல்லும்போது செடியையே பார்க்க வேண்டும் என்ற ஆவல் சிலருக்கு எழலாம். பார்ப்பதில் குற்றமில்லை. காப்புக்காட்டுக்குள் இலை பறிப்பது சட்டப்படி குற்றம். தைலத்துக்காகக் கிளைகளை ஒடிக்கும் பேராசை பெருகினால் சோலையோரப் புதர்களும் மெல்ல மறைந்துவிடும். மலைவாசிகள் பறித்து உண்ணும் தவிட்டுப்பழமும் ஊசிக்களாவும் அதே பாதைகளில் விளைகின்றன. அவர்களுக்கு எது எதுவென்று தலைமுறை தலைமுறையாகத் தெரியும். சமவெளியிலிருந்து வந்த குழந்தை கருநீலமாகக் கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளாமல் கையைப் பிடித்து அழைத்துச் செல்வது பெரியவர்கள் பொறுப்பு. கந்தபூராப் பழத்தைப் பறவைகள் கொத்திச் சென்று, சதையைத் தின்று, விதையை அடுத்த சோலையில் உதிர்க்கின்றன. புதர் அப்படித்தான் மலை முழுவதும் பரவியது.